பன்னிரண்டு சீட்டுகளின் வரிசை

பழவேற்காடு ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. எங்கள் குப்பத்தில் அந்த உரிமை பன்னிரண்டு குடும்பங்களுக்கு மட்டும்தான். அதற்குப் பாடு என்று பெயர். ஆண்டுக்கொருமுறை அம்மன் கோயில் முன்னால், குடத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்குவார்கள். சீட்டு வரும் வரிசையில்தான் முகத்துவாரத்துப் பக்கம் இறங்கலாம். முதல் ஆளுக்கு இறால் கொட்டும், கடைசி ஆளுக்குப் பாசிதான் மிஞ்சும். சீட்டே இல்லாதவன் ஏரியில் கால் வைக்கக் கூடாது.

சென்ற ஆண்டு குலுக்கலை நடத்தும் ஊர்த் தலைவரின் மருமகனுக்கு முதலிடம், என் நைனாவுக்குக் கடைசி இடம். இந்த ஆண்டும் அதே. நடுவிலிருந்த பத்துப் பேரும் இம்மி நகரவில்லை. "ஆத்தா மனசு அப்படியே கீது" என்று ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. நான் மனதுக்குள் பெருக்க ஆரம்பித்தேன்.

பொன்னேரியில் நான் கணக்கு டீச்சர். பன்னிரண்டு சீட்டுகள் எத்தனை வரிசைகளில் வரலாம் என்று எனக்குத் தெரியும். ஒன்று முதல் பன்னிரண்டு வரை எல்லாவற்றையும் பெருக்கினால் நாற்பத்தேழு கோடியே தொண்ணூறு லட்சத்து ஆயிரத்து அறுநூறு. விசித்திரமான எண் அது. பன்னிரண்டு வரை எதால் வகுத்தாலும் மீதி நிற்காது. பதின்மூன்றால் வகுபடாது, எங்கள் ஊரைப் போலவே, புதிதாக வருகிறவருக்கு இடம் தராது. தினம் ஒருமுறை குலுக்கினால், எல்லா வரிசைகளும் ஒவ்வொன்றாக ஒருமுறை வந்து முடியவே பதின்மூன்று லட்சம் ஆண்டுகள் ஆகும். எங்களுக்கு ஒரே வரிசை அடுத்தடுத்து வந்திருக்கிறது.

கூட்டத்தின் ஓரத்துக்கு வந்த நைனாவிடம் இதைக் குசுகுசுத்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"கம்முனு இரும்மா. நாளைக்கும் இந்த ஊர்லதான் இருக்கணும்."

கம்மென்று இருக்க எனக்கு எப்போது தெரிந்தது? பெண்கள் ஓரமாக நிற்கும் இடத்திலிருந்தே அந்த எண்ணை உரக்கச் சொன்னேன். குலுக்கியது ஆத்தா இல்லை என்றும் சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் மெல்ல விலகிக்கொண்டார்கள்.

தலைவர் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அவ்ளோ பெரிய நம்பராம்மா? செரி, இன்னொரு தபா குலுக்கிட்டா போச்சு."

சீட்டுகளைப் பொறுக்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவரே மடித்துக் குடத்தில் போட்டார். எட்டிப் பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை. இந்த முறை வரிசை அடியோடு புரண்டு வந்தது. மருமகன் எட்டாவதாகப் போனான். எனக்கு உயிர் வந்தது. பதினோராவது பெயரைப் படித்ததும் தலைவர் குடத்தைக் கவிழ்த்துக் காட்டினார். எதுவும் விழவில்லை.

"நைனா சீட்டு எங்க?" என்றேன்.

"நம்பர் பெர்சா கீதுன்னு நீதானே சொன்னே? கொறச்சிட்டோம். இப்ப இன்னா வருது, சொல்லு டீச்சரு."

நைனா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாழாய்ப்போன என் மனமோ அதற்குள் பன்னிரண்டால் வகுத்து முடித்திருந்தது. மூன்று கோடியே தொண்ணூற்றொன்பது லட்சத்துப் பதினாறாயிரத்து எண்ணூறு. மீதி எதுவும் நிற்கவில்லை.