ஒன்பது புழுக்கள்

மூடியில் ஆணியால் துளை போட்ட அந்த வெள்ளைப் பெயிண்ட் வாளியை முதலில் பார்த்தபோது, நங்கை செடி ஏதோ முளைக்க வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். நங்கை என்று நான் கூப்பிடுவது என் கணவரின் அக்காவை. புகுந்த வீட்டில் ஒத்துப்போகாமல், வேலந்தாவளம் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டுக்கே திரும்பி வந்து பின்பக்க அறையில் இருந்தார். மூடியைத் திறந்தால் உள்ளே மக்கிய சாணம்.

"விரலை உட்டறாத அம்மிணி, முட்டை இருக்குது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கரண்டிக் காம்பால் சாணத்தை ஒதுக்கிக் காட்டினார். ஊறிய ஜவ்வரிசி போலப் பதினொரு முட்டைகள். எருக்குழியில் பிடித்த காண்டாமிருக வண்டு இட்டவை.

தென்னை வைத்திருக்கும் வீட்டில் அந்த வண்டின் பெயரைச் சொன்னாலே ஆகாது. குருத்தைக் குடைந்து கன்றையே சாகடித்துவிடும். "இதப் போயி வளக்கறீங்களே, எதுக்குங்க?" என்றேன்.

"இத்தன வருசமாக் குத்திக் குத்திக் கொல்றோம். எப்படிப் பொறந்து எப்படி வளருதுன்னு ஒருத்தரும் பாத்ததில்ல. பாத்துட்டு நானே கொன்னுபோடறேன். தம்பிகிட்டச் சொல்லிப்போடாத."

சொல்லமாட்டேன் என்றேன். நாள்காட்டியில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். பன்னிரண்டாம் நாள் அடுப்பில் பால் இருக்கும்போதே என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார். முட்டைத் தோலைக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளைப் புழு நெளிந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். வீடு திரும்பிய பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான். மொத்தம் ஒன்பது பொரிந்தன. வாரம் ஒருமுறை செய்தித்தாளில் கொட்டி எண்ணிப் பார்ப்பார். திரும்ப உள்ளே விட்டு, கொசுவலைத் துணியால் வாளியின் வாயைக் கட்டிவிடுவார்.

அந்த வருடம் புதிதாக வைத்த தென்னங்கன்றுகள் என் பொறுப்பு. வேப்பம்புண்ணாக்கை மணலோடு கலந்து மாதம் தவறாமல் குருத்தடியில் போட வேண்டும். எருக்குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்க வேண்டும். இரண்டு மாதம் நான் எதையும் செய்யவில்லை. காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை, சோம்பல்தான். கணவர் கேட்டபோதெல்லாம் "போட்டாச்சுங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஐந்து கன்றுகள் போயின. ஐந்தாவது கன்றின் குருத்தை அவர் பிடித்து இழுத்ததும் அழுகி நாற்றத்தோடு கையோடு வந்தது. "நெசமாலுமே போட்டயா?" என்று என் முகத்தைப் பார்த்தார். அவர் அடிக்கிறவரில்லை, அதட்டுகிறவர்கூட இல்லை. பொய் சொன்னவளாக அவர் முன்னால் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"உங்கக்கா ரூம்புல வண்டு வளக்கறாங்க. போயிப் பாருங்க" என்றேன்.

வாளியை வாசலில் கொண்டுவந்து கவிழ்த்தார். "ஏக்கா, நம்ம தோட்டத்துக்கு நீயே எமனா?" கட்டைவிரல் தடிமனில் புழுக்கள் மண்ணில் சுருண்டு கிடந்தன. நான் எண்ணினேன். ஒன்பதும் இருந்தன. ஒன்றுகூட வண்டாகவில்லை, இறக்கை முளைக்காதது எப்படிப் பறந்துபோய்க் கன்றைத் தின்னும்? கோபத்தில் அவருக்கு அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. "ஒம்பதும் இருக்குது தம்பி" என்று நங்கை மெல்லச் சொன்னார். கணவர் காதில் அது விழவில்லை. நங்கை என்னைப் பார்த்தார். நான் கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவை ஒவ்வொன்றாகக் கொத்தித் தீர்த்தன.

அடுத்த வாரமே நங்கை, ஏலப்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் குழந்தைகள் காப்பகத்துக்கு ஆயா வேலைக்குப் போய்விட்டார். தம்பி தடுக்கவில்லை. பஸ் நிற்கும் இடம் வரை பையைத் தூக்கிக்கொண்டு போனவள் நான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ் சீக்கிரம் வந்தால் தேவலை என்றுதான் இருந்தது.

எட்டு வருடமாகிறது. சொந்தக்காரர்கள் வந்தால் "எங்கக்கா வளத்த வண்டு அஞ்சு கன்னத் தின்னுபோட்டுது" என்று கணவர் சிரித்தபடி சொல்வார். காப்பி கொடுத்துக்கொண்டே நானும் சிரித்திருக்கிறேன்.

போன மாதம் துணிந்து நங்கைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். அந்தப் பக்கம் குழந்தைகளின் சத்தம் கேட்டது.

"எனக்கு அன்னைக்கே தெரியும் அம்மிணி. எங்கிட்டச் சொல்றது சுலுவு. எந்தம்பிகிட்டச் சொல்லு" என்றார்.

சொல்கிறேன் என்று போனை வைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கணவர் உள்ளே வந்து, போனில் யார் என்று கேட்டார்.

"ராங் நம்பருங்க" என்றேன்.