நூல் கடிக்கக் கூடாத பல்

என் அக்காவின் முன்பல் பனியன் நூலைக் கடித்துக் கடித்தே உடைந்தது. கம்பெனியில் அவளுக்குப் பிசிறு வெட்டும் வேலை. தைத்து வரும் பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டச் சின்னக் கத்தரி கொடுத்திருந்தார்கள். ஆனால் பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவளுக்குக் கத்தரியை எடுத்து வைக்கிற நேரமும் நஷ்டம்தான். அங்கே எல்லாப் பெண்களுமே பல்லால்தான் கடித்தார்கள். அக்காவின் பல்லில் முதலில் ஒரு பள்ளம் விழுந்தது, பிறகு கறுத்தது, ஒருநாள் பாதி போய்விட்டது.

இரண்டு வருடம் கிராம்பை அடக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். வலித்தபோது யாருக்கும் நினைவு வராத பல் டாக்டர், பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் நினைவுக்கு வந்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது ஆறாம் வகுப்பு. டாக்டர் சொல்வதைப் புரிந்துகொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று அம்மா என்னைத் துணைக்கு அனுப்பினாள். அந்தப் பெருமையில் விடுமுறை நாளிலும் சீருடை போட்டுக்கொண்டு போனேன்.

டாக்டர் வேரைச் சுத்தம் செய்து அடைத்தார். மிச்சப் பல்லைக் குச்சி போல ராவினார். மாதிரிப் பற்களை அக்காவின் உதட்டோரம் வைத்துப் பார்த்தார். நான் மிக வெள்ளையானதைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டுப் பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகிற பழுப்பை எடுத்தார். அடுத்த வாரம் ராவிய பல்லின் மேல் ‘கேப்’ என்கிற பல் உறையை ஒட்டினார்கள். அக்கா கண்ணாடியில் பார்த்தாள். பழக்கத்தில் வாயை மூடப் போன கை பாதியில் நின்றது.

“பனியன் கம்பெனிங்களா? இனி இதுல நூல் கடிக்கவே கூடாதுங்க. கேப்பும் போயிரும், உள்ள இருக்கற வேரும் போயிரும்” என்றார் டாக்டர். பஸ்ஸில் வரும்போது அதை மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீடு நெருப்பெரிச்சல் என்ற ஊரில். வீட்டோடு தகரக் கொட்டகை போட்டு, நாலு தையல் மெஷின் வைத்துக் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். கேப்பைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று அம்மா என்னைக் கிள்ளி வைத்திருந்தாள். அக்கா அன்று இரண்டு தடவை சிரித்தாள். மாப்பிள்ளை கீழே பார்த்தபடி காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

“புள்ளைக்குப் பல்லு வரிசை நல்லாத்தான் இருக்குது” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. “அது கேப்புங்க” என்றேன்.

எங்கள் அம்மாவின் முகம் செத்துவிட்டது. அந்த அம்மாவோ சிரித்தார். “தரகரு அப்பவே சொல்லிப் போட்டாரு கண்ணு. அதுல என்ன இருக்குது? எங்கூட்டுப் பொம்பளைக எல்லாத்துக்கும் பல்லு அப்படித்தான். பிசிறு கடிக்கறவ பல்லு பின்ன எப்படி இருக்கும்?”

எல்லோரும் சிரித்தார்கள். காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். கூடவே, பாடத்தையும் ஒப்பித்தேன்: “இனி அக்கா நூல் கடிக்கவே கூடாதுங்க. டாக்டர் சொல்லியிருக்காருங்க.”

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

மூன்றாம் நாள் தரகர் வந்தார். “கொட்டகைக்கு ஒரு கை வேணும்னுதானுங்க அவிய பொண்ணே தேடறாங்க. பல்லு நோகாம வேலை பாக்கற மருமக எங்களுக்குத் தோதுப்படாதுன்னுட்டாங்க.”

அம்மா என்னை அடித்தாள். நான் அக்காவிடம் ஓடினேன். அவள் மறுநாள் வேலைக்குப் போகத் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“டாக்டர் சொன்னதைத்தானே சொன்னேன்க்கா” என்று அழுதேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. “சரி கண்ணு. நான் இனி எதைக் கடிச்சுப் பொழைக்கறதுன்னு ஏதாச்சும் சொன்னாரா அவரு?” என்று கேட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டர் சொன்னதையெல்லாம் மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பதைப் போலவே நின்றுகொண்டு, “இல்லக்கா, அதை அவர் சொல்லலை” என்றேன்.