ஆறு பேருக்கு ஐந்து பெல்ட்

எங்கள் பழைய கார் தீப்பெட்டி மாதிரி இருக்கும். அதில்தான் ஆறு பேரும் போவோம். முன்னால் அப்பா, பக்கத்தில் அம்மா, அம்மா மடியில் சின்னத் தம்பி. பின்னால் பெரிய தம்பியும் அத்தையும். அத்தை மடியில் நான். ஒன்பது வயசுக் கழுதைக்கு மடி கேட்கிறதா என்று அம்மா திட்டுவாள். அத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். அப்பாவின் அக்கா அவள்; கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு மாட்டுங்கா வீட்டிலேயே இருந்தாள். வண்டியில் ஏசி கிடையாது. கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கண்ணாடியை இறக்கி, அத்தைதான் எங்களுக்குக் காற்று வரவழைப்பாள்.

அப்புறம் அப்பா அதே காரின் புது மாடலை வாங்கினார். பேர் மட்டும்தான் அதே பேர். நீளத்தில் ஒரு சாண் கூடுதல், ஏசி, பட்டனைத் தட்டினால் இறங்கும் கண்ணாடி, மூன்று பெட்டி கொள்ளும் டிக்கி. நான் விடுவேனா? காரோடு கொடுத்த புத்தகத்தை இரண்டே நாளில் கரைத்துக் குடித்துவிட்டு, பழசுக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசத்தை பில்டிங் முழுக்க ஒப்பித்தேன். வாட்ச்மேன்கூட என்னைக் கண்டால் நகர்ந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை செம்பூர் கோயிலில் வண்டிக்குப் பூஜை. பட்டுப்புடவையில் இருந்த அத்தை முதல் ஆளாகப் பின்சீட்டில் ஏறி, "வாடி" என்று மடியைத் தட்டினாள்.

"மடியெல்லாம் கூடாது அத்தை, புக்ல போட்டிருக்கு. ஆளுக்கொரு பெல்ட். அஞ்சுதான் இருக்கு, நாம ஆறு பேர்."

"வாயை மூடிண்டு ஏறுடி," என்றாள் அம்மா. அப்பா ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதல் நாளே டிராஃபிக் ஹவல்தார் பிடித்துவிட்டால் என்ற பயம் அவருக்கு.

"கொழந்தை சரியாத்தாண்டா சொல்றா," என்று அத்தை சிரித்துக்கொண்டே இறங்கினாள். "நேக்கும் ஏசி ஒத்துக்காது. நான் பஸ்ல வந்துடறேன், நீங்க கிளம்புங்கோ."

வேண்டாம் அக்கா என்று அப்பா ஒரே ஒரு தடவைதான் சொன்னார். நான் குதித்து ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டேன்.

கோயிலில் நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தது அத்தைதான். "எடுடா" என்று அப்பாவுக்குக் கை காட்டியதும் அவள்தான். திரும்பும்போதும் பஸ் என்று அவளே முந்திக்கொண்டாள். நாங்கள் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்ப நேரமாயிற்று.

முதல் சிக்னலிலேயே பஸ் ஸ்டாப் தெரிந்தது. பிரசாதப் பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வெயிலில் அத்தை நின்றாள். கண்ணாடியை இறக்கி, "அத்தே! அத்தே!" என்று கத்திக் கையாட்டினேன். பத்தடி தூரம் இருக்குமா? அவள் பஸ் வருகிறதா என்று மறுபக்கம் பார்க்க ஆரம்பித்தாள். பச்சை விழும்வரை திரும்பவே இல்லை.

அத்தை வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே மறித்துக்கொண்டேன். "நான் அவ்வளவு கூப்பிட்டேனே, கேக்கலையா?"

"கேக்கலையேடி கண்ணா," என்றாள் அத்தை. நான் அதையும் நம்பினேன்.