பலூனுக்குள் கிரகணம்

பிரபஞ்சத்தை மூட்டை கட்டிப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கொண்டுபோய்க் காட்டுகிற வேலையில் முதலில் தேய்வது முழங்கால்தான். எங்கள் கோளரங்கம் ஒரு பெரிய கறுப்புத் துணி பலூன். விசிறி வைத்துக் காற்றடித்தால் வகுப்பறை அளவுக்கு எழுந்து நிற்கும். உள்ளே போக வர ஒரே வழி, ஒரு துணிக் குழாய். கலெக்டரே வந்தாலும் தவழ்ந்துதான் போகணும். செங்கல்பட்டிலிருந்து காலையில் கிளம்புவோம். வேனும் புரொஜெக்டரும் தயாளன் அண்ணன் பொறுப்பு, பேச்சு என் பொறுப்பு. ஒரே பாடத்தைத் தொண்டை வறள நாள் முழுக்கச் சொல்லிப் பிழைத்தவர்களே, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

நான் மாசமாக இருந்த வருஷம் அது. ஏற்கெனவே இரண்டு தடவை கலைந்துபோய், மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. வேலையை விடவும் மனசில்லை, வயிற்றை நினைத்தால் தூக்கமும் இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால்

அச்சரப்பாக்கம் பக்கத்தில் ஒரு பள்ளி, நல்ல மே மாத வெயில் மாதிரி ஒரு ஜூன். நாற்பது பேர் உட்காருகிற இடத்தில் அறுபது பேரை அடைத்துவிட்டார் ஹெட்மாஸ்டர். விளக்கை அணைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தேன். "ஆதியில் எல்லாமே இத்துனூண்டு இடத்துக்குள்ள நெருக்கி அடைச்சிருந்தது. தாங்க முடியாத சூடு. அப்புறம்தான் விரிய ஆரம்பிச்சுது." இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: "மிஸ், இப்ப நம்ம குந்தினுகீற மாதிரியா?"

சனிப் பார்வை

திருவிடந்தைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழம்மா ஒருவர், கோயில் குடும்பம். வியாழன் வந்தபோது குருவே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்தது சனி. வளையத்தோடு அது மிதந்து வரும்போது பிள்ளைகள் விசிலடித்துக் கூரையைப் பிய்ப்பார்கள், எனக்கும் அதுதான் செல்லம். திரும்பிப் பார்த்தால் தமிழம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறார். தலைவலியா என்று பதறிப்போய்க் குனிந்தேன். காதோடு சொன்னார்: "கொஞ்சம் ஓரமா நிறுத்த முடியுமாம்மா? நேருக்கு நேர் பார்க்கக் கூடாது, எனக்கு ஏழரை நடக்குது."

கரண்டு போன அன்று

மதுராந்தகத்தில் பால்வெளி சுற்றிக்கொண்டிருந்தபோது கரண்டு போயிற்று. விசிறி நின்றால் பலூன் மெல்லத் தலைமேல் இறங்கும். பயமில்லை, மெல்லிய துணிதான். ஆனால் பிள்ளைகள் போடுகிற கூச்சல் இருக்கிறதே! அந்தக் கூச்சலுக்கு இப்போதும் மனசு ஏங்குகிறது. தயாளன் அண்ணன் ஒரு கையால் துணியைத் தூக்கிப் பிடித்தபடி, மறு கையில் போனை வைத்துக்கொண்டு லைன்மேனிடம் கெஞ்சினார்: "அண்ணாத்த, வானம் எறங்கிக்கினு கீது, சீக்கிரம் போடு!"

மாமியாரின் கேள்வி

என் மாமியார் சதுரங்கப்பட்டினத்தில் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவர். எங்கள் படத்தில் சூரிய கிரகணமும் வருகிறது என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். போச்சு! மாசமா கீறவ கிரகணம் பாக்கலாமா, புள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடாதா என்று வூட்டையே இரண்டாக்கினார். "அது வெறும் படம் அத்தை" என்றேன். சும்மா விடுவாரா? "கிரகணமே வெறும் நெழலுன்னு நீதானே சொன்ன? படத்துல வர்றது மட்டும் வேற நெழலா?"

குழாய் வாயில்

உண்மையைச் சொன்னால், எனக்கும் பயம்தான். இரண்டைப் பறிகொடுத்தவளுக்கு அறிவியல் வாயில் நிற்குமே தவிர வயிற்றில் இறங்காது. அதனால் ஓர் ஏற்பாடு. முன்பெல்லாம் காலையில் உள்ளே போனால் மதியச் சோற்றுக்குத்தான் வெளியே வருவேன். இப்போது ஒவ்வொரு காட்சியிலும் நிலா சூரியனை நெருங்கும்போது தவழ்ந்து வெளியே வருவேன், கிரகணம் விட்டதும் தவழ்ந்து உள்ளே போவேன். அந்த இடைவெளியில் விளக்கவுரை தயாளன் அண்ணனுடையது. "நிலா வருது, மறைக்குது, போவுது. அவ்ளோதான்" என்று முடித்துவிடுவார்.

ஏழாம் மாதத்தில் மாமியாரின் பள்ளிக்கே பலூன் போயிற்று. மருமகளுக்கு மோர் கொடுக்கலாம் என்று குழாய் வாயிலில் வந்து நின்றிருக்கிறார். கிரகண நேரம். நான் கையும் காலும் ஊன்றி, வயிறு தரையில் உரச, மூச்சு வாங்க வெளியே வருகிறேன். பாதியில் புடவை சிக்கி நகர முடியவில்லை. மோர்ச் சொம்பு கீழே விழுந்தது. "அய்யய்யோ, தெனம் இப்படியா வர்ற?" "ஒவ்வொரு ஷோவுக்கும் அத்தை. நீங்கதானே பாக்கக் கூடாதுன்னீங்க" என்றேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து என் வயிற்றில் கை வைத்தார். பிள்ளை உதைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கிரகணமாவது எட்டத்துல கீது, இந்தக் கொழாய் வயித்துலயே இடிக்குது. நீ உள்ளயே குந்திக்கினு பாருடி, எது வந்தாலும் நான் பாத்துக்கறேன்."

பெண் பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, இப்போது ஆறாம் வகுப்பில் கிரகணத்துக்குப் படம் வரைந்துகொண்டிருக்கிறாள்; கிரகணத்தால் எனக்கு வந்த கெடுதல் இந்த முழங்கால் வலி ஒன்றுதான்.