நல்ல நாளிலை ஒரு 'இல்லை'

மார்கழி விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் பூட்டின அண்டைக்கு என்னோடை படிப்பிக்கிற எல்லா ரீச்சர்மாரும் எனக்கு ஒரே புத்திமதிதான் சொன்னவை. "வீட்டிலை கிடந்து நல்லா ரெஸ்ற் எடுங்கோ." ஓம், எடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தன். எடுத்தும் பாத்தன். சும்மா சொல்லக்கூடாது, ஆறுதலாய்த்தான் இருந்தது. விடிய எழும்பி அவசரப்பட்டுச் சீலை கட்டத் தேவையில்லை, கொப்பி திருத்தத் தேவையில்லை. மழை பெய்யும், நான் விறாந்தையிலை கதிரையைப் போட்டு இருப்பன். பக்கத்திலை அவர் இருப்பார். மத்தியானம் வந்திட்டுதெண்டு பசிச்சால்தான் தெரியும். சில நாள் பசியும் தெரியாது.

அவர் எண்டது என்ரை மனுசன். ஆனி மாசம் தோட்டத்திலை வெங்காயத்துக்குத் தண்ணி மாறிக்கொண்டு நிக்கேக்கை பாரிசவாதம் வந்து விழுந்தவர். உயிருக்குப் பயமில்லை எண்டு ஆசுபத்திரியிலை சொல்லி அனுப்பிவிட்டினம். வலக்கையும் வலக்காலும் விறைச்சுப் போச்சு, பேச்சும் போச்சு. எனக்கும் எங்கையோ விறைச்சுத்தான் இருந்தது, எந்தப் பக்கம் எண்டுதான் தெரியேல்லை. சனம் வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதிது. எனக்கு அழுகை வரேல்லை. அவையளுக்கு நான் தேத்தண்ணி போட்டுக் குடுத்தன்.

ஆவணியிலை ஒரு சொல் திரும்பி வந்தது. "ஓம்." கை கால் பயிற்சி குடுக்க வாற பிள்ளை கைதட்டினது. கொழும்பிலை இருக்கிற மகள் வீடியோவிலை பாத்து அழுதாள். பிறகு பாத்தால் அந்த ஒரு சொல்தான். பசிக்குதோ? ஓம். பசிக்கேல்லையோ? ஓம். ஒருநாள் எனக்கு விசர் வந்து, "இஞ்சேருங்கோ, நான் என்ன கழுதையோ?" எண்டு கேட்டன். "ஓம்" எண்டார் மனுசன், வலு பணிவாய்.

இதிலை பகிடி என்னெண்டால், முந்தி அந்த வாயிலை ஓம் எண்ட சொல்லே கிடையாது. கலியாணம் கட்டின நாள் துவக்கம் நான் என்ன கேட்டாலும் 'இல்லை'தான். பிரிஜ் வாங்குவமோ? இல்லை. வீட்டுக்குப் பின்னாலை கோடிக்கை நிக்கிற பலாவைத் தறிப்பமோ? இல்லை. சுன்னாகம் சந்தையிலை வியாபாரியள் விலை சொல்லி முடிக்க முன்னமே இல்லை. தேத்தண்ணி போடட்டோ எண்டு கேட்டால்கூட இல்லை. ஆனால் போட்டு வைச்சால் மடக்கு மடக்கெண்டு குடிச்சுப்போட்டு வெறுங்கோப்பையை நீட்டுவார். அந்தச் சொல்லோடை எத்தினை சண்டை பிடிச்சிருப்பன்! "உங்களைப் பெத்தவ முதல் படிப்பிச்ச சொல்லே 'இல்லை'தானோ?" எண்டு கேட்டிருக்கிறன். அதுக்கும் "இல்லை" எண்டவர்.

வருசம் முடியப்போகுதெண்டு போனிலை எல்லாரும் வாழ்த்து அனுப்பத் துவங்கிச்சினம். செல்வம் பெருகட்டும், நினைச்சது நடக்கட்டும், பூப்படம், குத்துவிளக்குப்படம். உனக்கு என்ன வேணும் எண்டு ஆரும் என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்: அந்த மனுசன் எனக்கு ஒருக்கா 'இல்லை' சொல்லவேணும். வேறை ஒரு ஆசையும் மனசிலை தட்டுப்படேல்லை. ஆரும் கேக்கவுமில்லை.

நத்தார்ப் பண்டிகை முடிஞ்ச கையோடை மகளும் மருமகனும் வாடகை வான் பிடிச்சு வந்து இறங்கிச்சினம். நான் பள்ளிக்கூடம் போற நேரத்திலை அவரைப் பாக்க ஒரு அம்மா வாறவ. அவ தை பிறக்க வவுனியாவிலை தன்ரை மகளோடை போய் இருக்கப்போறா. வேறை ஆளும் அம்பிடேல்லை. இவையள் வந்ததே அதுக்குத்தான்.

"அப்பாவை நாங்கள் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போறம்" எண்டாள் மகள். "அங்கை பயிற்சியும் நல்லாச் செய்விக்கலாம். நீங்கள் பென்சன் எடுத்திட்டு வாங்கோவன். அதுவரைக்கும் உங்களுக்கும் ஒரு ஆறுதல்தானே, அம்மா."

பென்சனுக்கு இன்னும் ரெண்டு வருசம் கிடக்கு. ரெண்டு வருசம் அவர் அங்கை, நான் இஞ்சை.

பிள்ளை கெட்ட எண்ணத்திலை சொல்லேல்லை. தேப்பன்ரை காலடியிலை இருந்து நகம் வெட்டிவிட்டுக்கொண்டுதான் கேட்டவள். "அப்பா, எங்களோடை கொழும்புக்கு வாறீங்களோ?"

"ஓம்."

மகள் என்னைத் திரும்பிப் பாத்தாள். "பாத்தீங்களே, அவருக்கு விருப்பம்." அவர் எல்லாத்துக்கும் அப்பிடித்தான் சொல்லுறவர் பிள்ளை எண்டன். "இல்லையம்மா, முகத்தைப் பாருங்கோ. விளங்கித்தான் சொல்லுறார்."

உண்மையைச் சொல்லுறன், எனக்குத் துக்கமாயும் இருக்கேல்லை, சந்தோசமாயும் இருக்கேல்லை. இனி நித்திரையிலை எழும்பி அவரைப் பிரட்டிப் படுக்கவைக்கத் தேவையில்லை எண்டொரு நினைப்பு மட்டும் வந்தது. சாரம், சேட்டு, மருந்து எல்லாத்தையும் நானே எடுத்துப் பையிலை அடுக்கினன்.

புதுவருசம் முதலாந் திகதி காலமை கோயில் மணி கேட்டது, வெடி கேட்டது. மகள் புக்கை பொங்கவெண்டு குசினிக்குள்ளை போய்ச் சர்க்கரைப் போத்தலைத் திறந்து பாத்தாள். "அம்மா, சர்க்கரை..." எண்டு துவங்கி, நாக்கைக் கடிச்சு, "வாங்கவேணும்" எண்டு முடிச்சாள். நல்ல நாளிலை இல்லை எண்டு சொல்லக்கூடாதெண்டு சின்னனிலை நான்தான் பழக்கினது. உப்பு முடிஞ்சாலும் அரிசி முடிஞ்சாலும் வாங்கவேணும் எண்டுதான் சொல்லவேணும். கொழும்புக்குப் போயும் பிள்ளை மறக்கேல்லை. மருமகன் சந்திக்கு ஓடிப்போய் வாங்கியந்தார்.

அடுத்த நாள் அவையளுக்கு வேலை. அதாலை அண்டைக்கே நல்ல நேரம் பாத்து வெளிக்கிட்டிச்சினம். மருமகனும் வான்காரனும் அவரைக் கதிரையோடை தூக்கிக்கொண்டு வந்து வானடியிலை வைச்சினம். நான் குனிஞ்சு அவற்றை சேட்டுப் பொத்தானைப் பூட்டிவிட்டன். ஆரும் வெளிக்கிடேக்கை சொல்லுறதைத்தான் நானும் சொன்னன்.

"சரி, அப்ப போட்டு வாங்கோ."

"இல்லை."

மகள்தான் ஏதோ சொல்லுறாள் எண்டு முதல் நினைச்சன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டாள். "அப்பா, நல்ல நாளும் பெருநாளுமாய்..." எண்டு துவங்கினாள். நான் திரும்பவும் "போட்டு வாங்கோ" எண்டன். இடக்கையாலை என்ரை சீலைத் தலைப்பை எட்டிப் பிடிச்சுக்கொண்டு, "இல்லை, இல்லை" எண்டார். அதே பழைய இல்லை. சந்தையிலை வியாபாரிக்குச் சொல்லுற இல்லை.

மருமகன் மெல்லமாய், "மாமி, தான் என்ன சொல்லுறன் எண்டு அவருக்கு விளங்கேல்லை. ஏத்துவம்" எண்டார்.

எனக்கு எங்கையிருந்துதான் அந்தக் கோவம் வந்ததோ! "ஓம் எண்டு சொல்லேக்கை விளங்கின மனுசனுக்கு, இல்லை எண்டு சொல்லேக்கை மட்டும் விளங்காதோ தம்பி?" ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். வான்காரன் தலையைச் சொறிஞ்சுகொண்டு அங்காலை போனான்.

மகள் அழத் துவங்கினாள். "பள்ளிக்கூடம் துவங்கினால் என்னம்மா செய்யப்போறீங்கள்?" நியாயமான கேள்விதான். இப்ப இதை எழுதேக்கையும் அதைத்தான் யோசிக்கிறன். ஆள் தேடவேணும், கிடைக்காட்டில் லீவு போடவேணும். "பையை இறக்கு, பிள்ளை" எண்டு மட்டும் சொன்னன்.

போக முன்னம் அவரைத் திரும்பவும் விறாந்தையிலை கொண்டுவந்து இருத்திவிட்டினம். மகள் கோவிச்சுக்கொண்டு போகேல்லை. கண்ணைத் துடைச்சுக்கொண்டு, பொங்கலுக்கு வாறன் எண்டு தேப்பனைக் கொஞ்சிப்போட்டுத்தான் வானிலை ஏறினவள்.

நான் படலையைச் சாத்திப்போட்டு வந்து அவருக்கு முன்னாலை நிண்டன்.

"தேத்தண்ணி போடட்டோ?"

"இல்லை."

குசினிக்குப் போய்க் கேத்திலை அடுப்பிலை வைச்சன். ஆனியிலை வராத அழுகை அப்பதான் வந்தது. தண்ணி கொதிக்குமட்டும் நிண்டு அழுதன். பிறகு முகத்தைக் கழுவிப்போட்டு, ரெண்டு கோப்பையிலை ஊத்திக்கொண்டு வந்தன். மனுசன் மடக்கு மடக்கெண்டு குடிச்சுப்போட்டு, இடக்கையாலை வெறுங்கோப்பையை நீட்டினார்.