சுத்துதா?

இன்று காலை புடவைப் பெட்டியைக் கிளறும்போது அடியில் ஒரு சின்னத் துணிப்பை அகப்பட்டது. மூக்கருகே கொண்டுபோனேன். பாதி தேயிலைத் தூள் வாசம், பாதி இஞ்சின் ஒயில் வாசம். இந்த வாசத்தைத் திரும்பத் திரும்ப முகர்ந்து பார்க்கிற பெண் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உங்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும், முழுதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நாடு முழுக்கப் பெட்ரோலுக்கு வரிசையில் கிடந்தோமே, அந்தக் காலம். மாமனார் விட்டுப்போன பழைய கார்தான் எங்களுக்குச் சோறு போட்டது. தோட்டத்து ஜனங்களை ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் ஏற்றிப்போவார் என் வீட்டுக்காரர். கொட்டகலை கராஜில் அதன் இஞ்சினைக் கழற்றி, உள்ளே இருந்ததையெல்லாம் மாற்றிப் புதிதாகப் பூட்டி முடித்த வாரம், பெட்ரோல் இல்லையென்று பெட்ரோல் செட்டில் கயிறு கட்டி மூடிவிட்டார்கள். ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்கக்கூடச் சொட்டு இல்லை. கராஜ் வைத்திருந்த முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம், அவரும் கடையைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிற நிலைமை. கார் வெளியே படங்குத் துணிக்கு அடியில் நிற்க, பனிக்குப் பயந்து, இன்னும் காரில் ஏற்றாத இஞ்சின் மட்டும் எங்கள் லயத்துக் காம்பராவுக்குள், நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக்குள் வந்து அடுப்பங்கரை மூலையில் உட்கார்ந்துகொண்டது.

நானா பிளக் கழற்றிய துளைகளில் ஒயில் ஊற்றினார். திறந்திருந்த வாய்களையெல்லாம் துணி வைத்து அடைத்தார். பிறகு என் கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்தார்.

"தங்கச்சி, இது இப்ப பச்ச ஒடம்பு மாதிரி. ஈரம் படக்கூடாது. ஒரே எடத்துல அப்படியே கெடக்கவும் கூடாது, இறுகிப்போயிரும். வாரத்துக்கு ஒருக்கா இந்த ஸ்பேனரப் போட்டு கொஞ்சம் சுத்தி வையுங்க."

வீட்டுக்காரர் கொழும்புக்கு மூட்டை தூக்கப் போனார். ரயிலடியில் என்னைப் பார்த்ததைவிட, "பத்திரமா பாத்துக்க" என்று இஞ்சினைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

ஈரம் படக்கூடாதாம்! எங்கள் மலையில் மூடுபனி வாசலில் நிற்காது, நேராக உள்ளே வந்து போர்வைக்குள் படுத்துக்கொள்ளும். பொலித்தீனால் இறுக்கிச் சுற்றினேன். மறுநாள் பார்த்தால் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருக்கிறது. பிரித்துத் துடைத்தேன். அப்போதுதான் தேயிலைத் தூள் ஞாபகம் வந்தது. டப்பா மூடியைச் சரியாக மூடாவிட்டால் அது எவ்வளவு ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது எங்களுக்குத் தெரியாதா? பழைய பாவாடையைக் கிழித்துச் சின்னச் சின்னப் பைகள் தைத்தேன். தோட்டத்தில் கொடுத்த தூளை அதில் நிரப்பி இஞ்சினைச் சுற்றி வைத்துக் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பைகளை அவிழ்த்து அடுப்போரம் காயவைப்பேன். ஸ்பேனரைப் போட்டுச் சுற்றுவேன். முதலில் அசையாது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தால் மெதுவாக நகரும்.

சரியாக அந்த நேரத்துக்கு போன் வரும்.

"சுத்துதா?"

"சுத்துது."

அதற்குப் பிறகுதான் "சாப்பிட்டியா?" தாலி கட்டியது எனக்கா இதற்கா என்று எரிச்சலாக வரும். ஆனால் அந்தச் சத்தத்துக்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருந்தேன். அது சுற்றுகிறவரை அவர் திரும்பி வருவார். இறுகிப்போனால் கொழும்போடு போய்விடுவார். எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

ஒருநாள் என் கொழுந்தன் பழைய இரும்பு வாங்குகிற ஆளைக் கூட்டிவந்துவிட்டான்.

"அண்ணி, அண்ணன் இனிமே அங்கதான். துருப்புடிச்சா இது எதுக்கு ஆகும்? இப்பவே தள்ளிவிட்ருவோம்."

"துருப்புடிக்காது. நான் இருக்கேன்ல."

வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பலாமா? அவசரத்தில் காயவைத்திருந்த இஞ்சின் பையிலிருந்து தூளை எடுத்துவிட்டேன். ஒரே ஒரு மடக்குத்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போனார்கள். கை தவறி நடந்தது என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தோட்டத்துத் திருவிழாவுக்கு வீட்டுக்காரர் வந்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்பேனரை இழுத்துவிட்டு நிமிர்ந்தேன். சுவர் அசைந்தது. இஞ்சினையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். போன் அடித்தது.

"சுத்துதா?"

"சுத்துதுங்க. தலையும் சுத்துது."

"காய்ச்சலா? மருந்து எடுத்தியா?"

"ஆம்பளைக்கு இதையும் வெளக்கிச் சொல்லணுமா?"

 அந்தப் பக்கம் அவர் அழுகிற சத்தம் கேட்டது. அந்த வாரமே ரயிலேறி வந்துவிட்டார்.

பெட்ரோல் அளந்து கொடுக்கத் தொடங்கியதும் நானாவும் கராஜைத் திறந்தார். இஞ்சினைக் காரில் பூட்டி, பிளக் துளைகளுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "நேத்து பூட்டின மாதிரி கெடக்கு தங்கச்சி" என்றார். சாவியைத் திருப்பியதும் ஊற்றிவைத்த ஒயில் எல்லாம் நீலப் புகையாகக் கிளம்பியது. இருமி இருமி, பிறகு சீராகப் பிடித்துக்கொண்டது. முதல் ஓட்டம் எனக்குத்தான், கிளினிக்குக்கு. நான் தூக்கிச் சுமந்தது என்னைத் தூக்கிக்கொண்டு போனது. வழி நெடுக அழுதேன், வெட்கமே இல்லாமல்.

மகள் இப்போது அந்த மூலையில்தான் விளையாடுகிறாள். கார் தலவாக்கலை ரோட்டில் ஓடுகிறது. வீட்டுக்காரர் இருட்டுகிறதற்குள் வீடு வந்துவிடுகிறார். எல்லாம் நான் பிடிவாதமாகக் கேட்டது போலவே நடந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மனம் ஏங்கத்தான் செய்கிறது. இஞ்சின் இப்போது தானாகவே சுற்றுகிறது. என்னிடம் கேட்க யாருக்கும் ஒன்றுமில்லை.