தொண்ணூற்றேழரை சதவீதம்

"பிற்பகல் 3.21 – 100.0. பிற்பகல் 3.22 – 100.0. பிற்பகல் 3.23 – 100.0." இப்படியே 3.32 வரை பன்னிரண்டு வரிகள். மறைமலை நகரில், கார்களுக்கான ரப்பர் பாகங்கள் வார்க்கும் ஒரு தொழிற்சாலையின் கணினியில் அச்செடுத்த தாள் இது. ஒரு புதன்கிழமை. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் பிரதான நீராவி வால்வு முழுக்கத் திறந்தே இருந்தது, மூடுவதற்கு யாரும் அதில் கை வைக்கவில்லை என்றுதான் இதைப் படிக்கிற எவருக்கும் தோன்றும். விசாரணை செய்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த நிமிடங்களில் ஒருவர் வால்வின் சக்கரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். தாளில் உள்ள எண்களில் ஒன்றுகூடத் தவறு கிடையாது. அவற்றை அனுப்பிய கருவியைப் பொருத்தியவன் நான் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு சிறிய கருவிப் பராமரிப்பு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். போகிற இடம், பார்த்த வேலை, கிழமை, மணி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. நூலகத்தில் கல்வெட்டுத் தொகுதிகளையும் பழைய நாட்குறிப்புகளையும் எடுத்துப் படித்துப் படித்து வந்த பழக்கம். தேதியில்லாத செய்தியை நம்ப மாட்டேன். தேதியும் மணியும் போட்ட செய்தியை நம்பிவிடுவேன். இந்தத் தாள் கைக்கு வரும்வரை அப்படித்தான் இருந்தேன்.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீராவி வால்வின் சக்கரத்தைச் சுற்றித் திறக்கும்போது நடுவில் உள்ள தண்டு மேலே எழும், மூடினால் இறங்கும். தண்டில் ஒரு காந்தப் பட்டையைக் கட்டி, பக்கத்தில் செங்கல் அளவுள்ள ஒரு பெட்டியைப் பொருத்துவோம். காந்தம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பெட்டி பார்க்கும். நிமிடத்துக்கு ஒருமுறை, கம்பி இல்லாமல், அலுவலக மாடியில் இருக்கும் இன்னொரு பெட்டிக்கு அதைச் சொல்லும். அங்கிருந்து மேலாளரின் திரைக்குப் போகும். ஆனால் எது மூடிய நிலை, எது திறந்த நிலை என்று முதலில் நாம் அதற்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். மூடி வைத்து, இது பூஜ்யம் என்று பதிய வேண்டும். திறந்து வைத்து, இது நூறு என்று பதிய வேண்டும். காலிபரேஷன் என்பது இவ்வளவுதான்.

அந்தத் தொழிற்சாலைக்கு நான் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வார விடுமுறை, பாய்லர் அணைந்திருந்தது. எனக்கு உதவிக்குப் பாய்லர் ஆபரேட்டரை வரச்சொல்லியிருந்தார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பொத்தேரியில் கல்லூரி மாணவர்களின் விடுதிகளுக்குப் பின்னால் வீடு. பதினான்கு வருடமாக அதே பாய்லர் அறையில் ஒப்பந்தத் தொழிலாளி. வந்த பத்தாவது நிமிடத்திலேயே தன் பெரிய செய்தியைச் சொல்லிவிட்டார். அந்த வருடம் ஒப்பந்தத் தொழிலாளர்களில் நான்கு பேரை நிரந்தரம் செய்யப் போகிறார்கள். பட்டியலில் அவர் பெயர் இரண்டாவது.

"ஒரு மெமோ வந்தா பரவால்லயாம் சார். ரெண்டு வந்தா பேரு காலி. பதினாலு வருசத்துல ஒண்ணுகூட வாங்கல. இன்னும் மூணு மாசம் பல்ல கடிச்சினு இருந்தா போதும்."

"அப்புறம் என்னண்ணா, பார்ட்டி உண்டா?"

"மொதல்ல ஆர்டர் கைக்கு வரட்டும். வாய வச்சிடாதீங்க."

வால்வை மூடச் சொன்னேன். மூடினார். பூஜ்யத்தைப் பதிந்தேன். திறக்கச் சொன்னேன். சத்தமாக எண்ணிக்கொண்டே சுற்றினார். பத்தாவது சுற்றில் தண்டு மேலே போய் முட்டி நின்றது. உடனே, யாரும் சொல்லாமலே, சக்கரத்தைக் கால் சுற்று பின்னால் திருப்பினார்.

"ஏண்ணா திரும்பி வந்துட்டீங்க?"

"கால் சுத்து வுடணும் சார். ஆவி வந்தா தண்டு சூடாயி நீளும். அதுக்கு எடம் வுடலன்னா மேல போயி கவ்விக்கும். அப்பால யார் வந்து இழுத்தாலும் அசையாது."

"காலிபரேஷனுக்கு எண்டு வரைக்கும், முட்டற வரைக்கும் போகணும்ணா. மேனுவல்ல அப்படித்தான் போட்டிருக்கு."

"மேனுவலுக்கு இன்னா சார், அது ஆபீஸ்ல ஏசில குந்தினுகீது. ஆவி பக்கத்துல நிக்கிறது நான்."

சிரித்துக்கொண்டே முட்டும்வரை திறந்து கொடுத்தார். நூறு என்று பதிந்தேன். பதிந்து முடித்ததும் அவர் கை தானாகக் கால் சுற்று திரும்பியது. என் கையிலிருந்த சோதனைக் கருவி 97.5 என்று காட்டியது. பத்துச் சுற்றில் கால் சுற்று இரண்டரை சதவீதம்.

மேனுவலில் உள்ளபடி, தொண்ணூற்றெட்டுக்கு மேல் இருந்தால் திரையில் பச்சை. குறைந்தால் மஞ்சள், கூடவே 'முழுமையாகத் திறக்கப்படவில்லை' என்ற வாசகம். அந்த வரம்பைத் தொண்ணூற்றைந்து என்று மாற்றிவிட்டால் போதும். அன்றே மாற்றியிருக்கலாம். இவர் எப்போதும் கால் சுற்று விடுவார், திரையில் மஞ்சள்தான் வரும் என்று அந்த நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்தது. நோட்டில் அன்றைய கடைசி வரி: "11.50. முடிந்தது. 12.10 வண்டி." ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மின்சார ரயிலை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் நிற்க வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டும் என்றிருந்தது. வரம்பை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் அமைப்புகள் எல்லாம் மேலாளரின் கடவுச்சொல்லுக்குள் போய்விட்டன.

வியாழக்கிழமை காலை ஆபரேட்டர் போன் செய்தார்.

"சார், பாய்லர் ஹவுஸ்லேர்ந்து பேசறேன். உங்க டப்பா என்னை மாட்டி வுட்டுச்சு சார். மூணு நாளா மஞ்சளாம். வால்வ ஒழுங்கா தொறக்கலன்னு மெமோ குடுத்துட்டாரு."

"கால் சுத்து பத்தி மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே. 'உன் பழக்கத்தை எல்லாம் சிஸ்டம் கேக்காது'ன்றாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார். நீங்க சொன்னா எடுபடும்."

அன்று 10.15-க்கு மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்: வரம்பைத் தொண்ணூற்றைந்தாக்க அனுமதி வேண்டும். பதில் 4.40-க்கு வந்தது: வால்வு முழுமையாகத் திறக்கப்பட வேண்டும், கருவியின் அமைப்பை மாற்ற வேண்டாம். என் முதலாளியிடம் காட்டினேன். "விடுப்பா. கஸ்டமரே வேணாங்கறாரு, நீ ஏன் தலையக் குடுக்கற?" என்றார். நானும் விட்டுவிட்டேன். விடுவதற்கு ஒருவர் அனுமதி கொடுத்தது எனக்கு வசதியாகவே இருந்தது.

மாலையில் ஆபரேட்டரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"அப்போ பச்சை வரணும்னா எண்டு வரைக்கும் போவணும்," என்றார்.

"ஆமாண்ணா."

"நீங்களே சொல்றீங்களா?"

"நான் சொல்லலைண்ணா. ஸ்கிரீன் சொல்லுது."

இதை நான் சொன்னேன். நோட்டில் எழுதவில்லை என்றாலும் சொன்னது நினைவிருக்கிறது.

"சரி வுடுங்க சார். ரெண்டாவது மெமோ வாங்க எனக்குத் தெம்பு இல்ல."

வெள்ளிக்கிழமையிலிருந்து திரை பச்சையாக இருந்தது. தினமும் காலையில், குளிர்ந்த வால்வை முட்டும்வரை திறந்துவைத்தார். அடுத்த வாரம் ஒருமுறை கூப்பிட்டார். சாயங்காலம் மூடும்போது சக்கரம் இறுகிக்கொள்கிறது, ஆவி இறங்கும்வரை காத்திருந்து மூட வேண்டியிருக்கிறது என்றார். "தோள் கழண்டுக்குது சார்." எண்ணெய் விட்டுப் பாருங்கள் என்றேன். நீராவி வால்வுக்கு எண்ணெய் விடச் சொன்ன என் யோசனைக்கு அவர் சிரிக்கக்கூட இல்லை.

அதற்கு அடுத்த வாரம் அந்தப் புதன்கிழமை. ரப்பரை அழுத்தி வார்க்கும் இயந்திரங்களில் மூன்றாவது பிரஸ்ஸுக்குப் போகும் நீராவிக் குழாயின் இணைப்பு பிய்த்துக்கொண்டது. பிரஸ்ஸில் நின்ற பெண்ணின் வலது முன்கை வெந்துபோனது. சத்தம் கேட்டு ஆபரேட்டர் வால்வுக்கு ஓடியிருக்கிறார். சக்கரம் அசையவில்லை. ஒரு இரும்புக் குழாயைச் சக்கரத்துக்குள் செருகி நெம்பியதில் சக்கரத்தின் ஒரு ஆரக்கால் உடைந்தது, தண்டு நகரவில்லை. பிறகு ஓடிப்போய்ப் பாய்லரையே அணைத்து, அழுத்தத்தை வெளியே திறந்துவிட்டிருக்கிறார். ஆவி அடங்கும்போது மணி 3.32. இவையெல்லாம் அவரும் பிரஸ்ஸில் இருந்த இரண்டு பேரும் என்னிடம் சொன்னவை. மறுநாள் காலை வால்வு குளிர்ந்த பிறகு சக்கரம் லேசாகச் சுற்றியது. அதை விசாரணை செய்தவர்கள் மேலாளர் முன்னிலையில் சுற்றிப் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை விசாரணைக்கு என்னை அழைத்தார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஆபரேட்டர் கதவோரம் நின்றிருந்தார். மேலாளர் அந்தப் பன்னிரண்டு வரித் தாளை என் பக்கம் தள்ளினார்.

"சிம்பிள் கொஸ்டின் சார். டிவைஸ் கரெக்டா வேலை செஞ்சுதா, இல்லையா?"

"செஞ்சுது சார். ஆனா..."

"நூறுன்னா நூறுதானே?"

"நூறுதான். வால்வு மாட்டிக்கிட்டாலும் நூறுதான் காட்டும். ஒருத்தர் இழுத்துப் பாக்கறது அதுக்குத் தெரியாது."

"மாட்டிக்கிச்சுன்னு டிவைஸ் சொல்லுதா?"

"அது சொல்லாது சார்."

"டிவைஸே சொல்லாததை நீங்க எப்படி சொல்றீங்க?"

கதவோரத்திலிருந்து குரல் வந்தது. "சக்கரத்தப் பாருங்க சார். ஒடஞ்சிகீது. சும்மாவா ஒடையும்?"

"அது முன்னாடியே உடைஞ்சிருக்கலாம்," என்றார் இன்னொருவர், தலையை நிமிர்த்தாமலே.

ஒரு படிவம் கொடுத்தார்கள். கருவியின் துல்லியம்: சரி. கையொப்பம். கீழே 'குறிப்பு' என்று நான்கு வரிக்கு இடம் இருந்தது. கால் சுற்றைப் பற்றியும், வரம்பைப் பற்றியும், என் மின்னஞ்சலுக்கு வந்த பதிலைப் பற்றியும் எழுத நான்கு வரி தாராளம். மூன்று பேரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் ஆபரேட்டர் நின்றிருந்தார்.

"இன்னா சார், உங்க டப்பா பாஸாயிடுச்சா?"

"அண்ணா, நான் சொல்லிப் பாத்தேன்..."

"பாத்தேன் பாத்தேன். ரொம்ப நல்லா சொன்னீங்க. டப்பாவுக்கு ஒண்ணும் ஆவல இல்ல? அது போதும்."

இரண்டாவது மெமோவில், ஆபத்து நேரத்தில் வால்வை மூட முயலவில்லை என்று இருந்ததாம். பட்டியலிலிருந்து பெயர் போயிற்று. அடுத்த மாதம் முதல் வர வேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார். அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, கிழமையும் மணியும் போட்டு, இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். தொழிற்சாலைக்கு ஒரு பிரதி, என் முதலாளிக்கு ஒரு பிரதி. தொழிற்சாலையிலிருந்து பதில் இல்லை. முதலாளி, "லெட்டர் நல்லா எழுதியிருக்க. இனிமே எழுதாத," என்றார்.

இரண்டு மாதம் கழித்து அதே தொழிற்சாலையிலிருந்து சேவை அழைப்பு. புதிய ஆபரேட்டர், புதிய வால்வு, அதே கருவி. திரை மஞ்சளாகவே இருக்கிறதாம். பாய்லர் ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, கால் சுற்று விடுவதுதான் சரி என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். வரம்பைத் தொண்ணூற்றைந்தாக்கித் தரச் சொன்னார் மேலாளர். பழைய பேச்சு எதையும் அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கடவுச்சொல்லை அவரே அடித்துக் கொடுத்தார். என் கடிகாரப்படி வேலை நான்கு நிமிடத்தில் முடிந்தது. திரை பச்சையானதும், "வெரி குட்" என்றார்.

பழைய ஆபரேட்டர் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் சேர்ந்திருப்பதாக ஒரு லாரி ஓட்டுநர் சொன்னார். என் எண்ணிலிருந்து போனால் அவர் எடுப்பதில்லை.

பழைய வால்வைப் பற்றி விசாரித்தேன். அதைக் கழற்றிய ஃபிட்டர், தண்டின் மேற்பகுதியில் வட்டமாக அழுந்திய தடம் இருந்தது, மேலே போய்க் கவ்வியிருக்கிறது என்றார். பராமரிப்புப் பிரிவில் இருப்பவரோ, தண்டு முன்பே வளைந்திருந்தது, எப்படித் திறந்திருந்தாலும் அது என்றைக்காவது மாட்டியிருக்கும் என்றார். நான் கேட்டுப் போவதற்கு முன்பே வால்வு பழைய இரும்போடு லாரியில் ஏறிவிட்டது. யாரும் அதை முறையாகச் சோதித்து எழுதிவைக்கவில்லை, படமும் எடுக்கவில்லை. அந்தப் புதன்கிழமை வால்வு மாட்டிக்கொண்டது முட்டும்வரை திறந்ததாலா, வளைந்த தண்டாலா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.